வீணைக்காரர் எடுத்த திகில் படங்கள்

பாலசந்தர் என்று சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருபவர் கே. பாலசந்தர். நான் எழுத வந்திருப்பது இன்னொருவரைப் பற்றி. எஸ். பாலசந்தர். சங்கீத உலகத்துக்கு வீணை பாலசந்தர். சபாவுக்குப் போகும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர் வீணையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். சினிமாவைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் சின்ன வயசுல ஏதோ பண்ணினார் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஏதோதான் முக்கியம்.

1927 ஜனவரி 18ஆம் தேதி பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயருக்கு சங்கீதம் என்றால் உயிர். மயிலாப்பூர் வீட்டுக்கு வித்வான்கள் வருவதும் போவதுமாக இருப்பார்களாம். பாபநாசம் சிவனும் அந்த வீட்டுக்கு வேண்டப்பட்டவர். 1934இல் பிரபாத் கம்பெனி 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படம் எடுத்தபோது அந்தக் குடும்பமே மேக்கப் போட்டுக்கொண்டது. அப்பா ஜனகர், அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை. அண்ணனும் தங்கையும் ராமராகவும் சீதையாகவுமா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஏழு வயசு பாலசந்தருக்குக் கிடைத்தது ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் வேஷம். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான். (அந்த ராமர் பிற்பாடு மும்மூர்த்திகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் எஸ். ராஜம். 2010இல் காலமாகும் வரை மயிலாப்பூர் நடுத் தெருவாசி.)

பையன் கஞ்சிராவோடு நிற்கவில்லை. தபேலா, ஹார்மோனியம், தில்ரூபா, சிதார் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தான். சதுரங்கத்திலும் கெட்டி. கொஞ்ச காலம் சென்னை வானொலியில் வேலை. வீணையைத் தொட்டது அதற்கப்புறம்தான், அதுவும் குரு இல்லாமல். வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களை வரவழைப்பது அவருடைய தனி முத்திரை. தந்தியின் இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்று நாம் ஃபிசிக்ஸ் லேபில் சோனோமீட்டரை வைத்துக்கொண்டு திண்டாடியதை அவர் விரலாலேயே கண்டுபிடித்துக்கொண்டார்.

நடுவில் சினிமா. 1948இல் 'இது நிஜமா'வில் இரட்டை வேஷம். அதே வருஷம் 'என் கணவர்', பிறகு 1951இல் 'கைதி' இரண்டையும் இயக்கினார். நடிப்பு, டைரக்ஷன், இசை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1954இல் வந்தது 'அந்த நாள்'. அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950இல் வந்து உலகத்தையே கலக்கியிருந்தது. ஒரே சம்பவத்தைப் பல பேர் பல விதமாகச் சொல்லும் அந்த உத்தியைப் பிடித்துக்கொண்டு, கதையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார் பாலசந்தர். 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட மறுநாள், ஒரு ரேடியோ இன்ஜினீயர் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். கதாநாயகன் முதல் காட்சியிலேயே காலி! நடித்தவர் சிவாஜி கணேசன், 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சிவாஜி. பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அதுதான். அதை எடுத்தவர் பிறவி சங்கீதக்காரர் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். எது வேண்டாம் என்று தெரிந்துகொள்ள அந்த விஷயத்தில் கரை கண்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

இன்ஜினீயர்கள் அந்தப் படத்தை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். ராஜன் வெறும் வில்லன் இல்லை. ஏழைகளும் வாங்கும்படி மலிவாக ரேடியோ செய்ய வழி கண்டுபிடித்துக்கொண்டு சர்க்காரிடம் போகிறான். கதவைச் சாத்துகிறார்கள். அந்தக் கசப்பில்தான் தேசத்துக்கே துரோகம் செய்யும் வரைக்கும் போகிறான். பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் யாராவது திருப்பிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் சுருக்கென்று இருக்கும். கொன்றது யார் என்று சொல்லப் போவதில்லை, நீங்களே பாருங்கள்.

ஏவி.எம். தயாரிப்பு. முதலில் வேறொருவரைக் கதாநாயகனாகப் போட்டுக் கணிசமாக எடுத்து, திருப்தி இல்லாமல், சிவாஜியை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் பாட்டில்லாத படத்துக்கு ஜனங்கள் முதல் தடவை அவ்வளவாகத் தயாராக இல்லை.

அதற்குப் பிறகு பெரிய கம்பெனியை நம்பாமல் எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்று சொந்தமாகத் தொடங்கி எடுத்தவைதான் என் மனசுக்கு நெருக்கமான சின்னப் படங்கள். 'அவனா இவன்' 1962. 'பொம்மை' 1964. பொம்மைக்குள் வெடிகுண்டை வைத்து ஒருவரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுகிறார்கள். அந்தப் பொம்மை தொலைந்து கை மாறிக் கை மாறிச் சென்னை முழுக்கச் சுற்றுகிறது. அவ்வளவுதான் கதை. குண்டு எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜேசுதாஸின் குரல் தமிழ்ப் படத்தில் முதலில் ஒலித்ததும் அதில்தான். படம் முடிந்ததும் பாலசந்தரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் டெக்னீஷியன்களையும் நமக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். சின்ன பட்ஜெட் படத்தில் எல்லாருமே ஒரு வீட்டுக்காரர்கள் மாதிரி என்பது அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தில் தெரியும்.

அந்தப் பத்து வருஷமே கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களுக்குப் பொற்காலம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' போல ஜெய்சங்கர் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. எங்கப்பா மயிலாப்பூர் கபாலி, காமதேனு, அடையாறு ஈராஸ் என்று பேர் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்த தியேட்டர்கள் ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால் அந்தப் படங்களில் துப்பாக்கியும் துரத்தலும் வேண்டியிருந்தது. பாலசந்தருக்கு ஒரு வீடு போதும்.

'நடு இரவில்' அதற்கு உச்சம். ஏரி நடுவே தீவு, தீவில் ஒரு பங்களா. பணக்காரர் ஒருவர் இன்னும் கொஞ்ச நாள்தான் என்றவுடன், கல்யாண விஷயத்தில் கோபித்துக்கொண்டு விலகியிருந்த சொந்தக்காரர்கள் சொத்து வாசனை பிடித்து வந்து சேர்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கொலையாகிறார்கள். மூலம் அகதா கிறிஸ்டி, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மாமா, சித்தி, மச்சினர் கூட்டம் அசல் நம்ம ஊர். நம் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் இவர்களில் நாலு பேரைப் பார்த்திருப்போம். மேஜர் சுந்தர்ராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ எல்லாரும் இருக்கிறார்கள், பாலசந்தரும் நடித்திருக்கிறார். காமெடி சில இடங்களில் இழுவை, சிலர் நாடக மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். மாடிப்படி, ஒரு விளக்கு, காலடிச் சத்தம், அப்புறம் அவரே போட்ட பின்னணி இசை. இதை வைத்துக்கொண்டு அந்த ஆள் பண்ணியிருக்கும் அட்டகாசம் இருக்கிறதே! ஹாஸ்டலில் மூன்றாம் வருஷம், யாரோ ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்து பதினோரு பேர் ஒரே ரூமில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி வராந்தாக் கோடியில் இருந்த பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுத்தவர் இன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட். பேர் சொல்ல மாட்டேன்.

எடுத்து முடித்த பிறகும் வாங்க ஆள் இல்லாமல் சில வருஷம் பெட்டியில் தூங்கிவிட்டு, 1970இல்தான் படம் வெளிவந்தது. அதுவே அவர் இயக்கிய கடைசிப் படம். அப்போது அவருக்கு வயசு 43. அதாவது நம்ம பேட்ச் இன்னும் சில வருஷத்தில் தொடப்போகிற வயசு.

வீணை ஜெயித்தது, அதில் சந்தேகமில்லை. வெளிநாட்டுக் கச்சேரிகள், 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிந்த ரெக்கார்டுகள், 1982இல் பத்மபூஷண். சண்டைகளும் குறைவில்லை. புது ராகங்கள் விஷயத்தில் பாலமுரளிகிருஷ்ணாவோடு மோதினார். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையிலேயே அவருடையவைதானா என்று கேட்டு, செம்மங்குடி உட்படப் பெரிய தலைகளையெல்லாம் பகைத்துக்கொண்டார். இதில் யார் சரி என்று சொல்ல எனக்குச் சங்கீத ஞானம் போதாது. பாட்டு வேண்டாம் என்று நின்ற அதே பிடிவாதம்தான் இது என்பது மட்டும் தெரிகிறது.

ரசிகர்கள் வீணையைக் கொண்டாடட்டும். எனக்கு ஒரு வருத்தம் போகவே மாட்டேன் என்கிறது. 1970க்கும் அவர் இறந்ததற்கும் நடுவே முழுசாக இருபது வருஷம். வருஷத்துக்கு ஒன்று வேண்டாம், நாலு வருஷத்துக்கு ஒன்று என்றாலும் ஐந்து 'நடு இரவில்' நமக்குக் கிடைத்திருக்கும். சினிமாவை அவர் விட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். கையில் முடிந்த படத்தை வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடியவரைப் பார்த்து அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. நம்ம பேட்ச்சிலேயே பிரமாதமாக மிருதங்கம் வாசித்தவனும் கார்ட்டூன் போட்டவனும் இப்போது சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், யார் யாரை விட்டது என்று.

எண்பதுகளில் தூர்தர்ஷன் 'நடு இரவில்' போட்டபோதுதான் தியேட்டருக்குப் போகாத கூட்டம் அதைக் கண்டுபிடித்தது. டி.வி. இருந்த வீட்டு ஹாலில் தெருவே கூடி உட்கார்ந்து பயந்த கதையை இன்றும் அப்பா வயசுக்காரர்கள் சொல்கிறார்கள்.

'அந்த நாள்' வெளியானது 1954 ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பை ஒட்டி. சரியாக 36 வருஷம் கழித்து, 1990 ஏப்ரல் 13 அன்று, ஊரைவிட்டு வெகு தூரத்தில் பிலாயில் பாலசந்தர் காலமானார். அப்போது அவருக்கு வயசு 63.