மலை லில்லிக்குப் பெயர் வைத்த மருத்துவர்

பருத்திப் பூ எப்படி இருக்கும் என்று பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரிசல் காட்டில் அது பூப்பதைப் பார்த்தே வளர்கிறவர்கள் அவர்கள். அந்தப் பருத்தியைக் கவனிப்பதற்காகக் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்ட ஒருவர்தான், நம் மலைகளில் மணக்கும் ஒரு லில்லிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் பெயர் ராபர்ட் வைட்.

வைட், 1796ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் செடி கொடிகளிலிருந்தே கிடைத்தன. அதனால் மருத்துவம் படிப்பவர்கள் தாவரவியலும் படித்தார்கள். வைட்டுக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துப்போனது.

1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக இந்தியா வந்தார். படைவீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் வேலை. ஓய்வு கிடைத்தால் செடிகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். பூவும் இலையுமாகப் பறித்துவந்து, தாள்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைப்பார். அப்படி ஆசையாகச் சேர்த்தவற்றை எடின்பரோவுக்குக் கப்பலில் அனுப்பினார். நன்னம்பிக்கை முனைக்கு அருகே அத்தனையும் கடலோடு போய்விட்டன! வைட் சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார்.

1826ல் சென்னையில் அரசின் இயற்கை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். பிடித்த வேலையே கிடைத்துவிட்டது! ஆனால், இரண்டே ஆண்டுகளில் அந்தப் பதவியை அரசு ஒழித்துவிட்டது. மீண்டும் மருத்துவராக நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் செடி தேடுவதை நிறுத்தவில்லை. 1831ல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அவர் கொண்டுசென்றவை ஏறத்தாழ 1 லட்சம் செடி மாதிரிகள். அவற்றின் எடை 2 டன்!

காய்ந்த செடியில் ஒரு குறை உண்டு. அதன் நிறம் மங்கிவிடும், வடிவம் நசுங்கிவிடும். அப்போது புகைப்படக் கருவியும் பரவலாகப் புழக்கத்தில் இல்லை. எனவே, செடி வாடுவதற்குள் அதை அப்படியே வரைந்துவிட வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்கள் இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இலையின் நரம்பு, பூவின் மகரந்தத்தாள், விதையின் குறுக்குவெட்டு என்று எதையும் விடாமல் வரைந்தார்கள்.

கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் லித்தோகிராப் முறையில், இந்தப் படங்களைச் சென்னையிலேயே அச்சிட்டார் வைட். 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகள் வெளிவந்தன. மொத்தம் 2,101 படங்கள்! படங்களின் அடியில் ஓவியர்களின் பெயரும் அச்சானது. ரங்கையாவின் நினைவாக ஒரு செடி இனத்துக்கு 'ரங்கியா' என்று பெயர் வந்தது. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட்டே சூட்டினார். அந்த இனம் பின்னாளில் வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

1842ல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளுக்கு வைட் பொறுப்பேற்றார். கம்பெனி எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால், பக்கத்திலேயே நீலகிரி இருந்தது. அங்கே மலைச்சரிவுப் புற்களின் நடுவே, நீண்ட ஊதுகுழல் போன்ற வெள்ளைப் பூக்கள் மணம் வீசின. அந்த லில்லிக்கு நீலகிரியின் பெயரையே வைத்து, 1853ல் தன் கடைசித் தொகுதியில் வெளியிட்டார். 'லிலியம் நீல்கெரென்ஸ்' என்பது அதன் பெயர். லில்லி இனச் செடிகள் இமயமலை, சீனா, ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என வடக்கே பரவியவை. உலகில் அவை இயற்கையாக வளரும் தென்கோடி, நம் தென்னிந்திய மலைகள்தான்!

அதே 1853ல் ஓய்வுபெற்று வைட் இங்கிலாந்து சென்றார். 1872ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி காலமானார்.

அவர் பார்த்த மலைப் புல்வெளிகள் இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டன. தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. அதனால் மலைக்குச் சுற்றுலா போகும்போது இந்த லில்லியைப் பார்த்தால், கிழங்கைத் தோண்டாதீர்கள். அது மலையிலேயே இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் லில்லி வளர்க்க விரும்பினால், நர்சரியில் கிழங்கு வாங்கி, நீர் தேங்காத மண்ணில் சற்று ஆழமாக நடலாம்.

பெரம்பலூர், அரியலூர் வெயிலை மலை லில்லி தாங்காது. நம் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது நிலச்சம்பங்கி. இது லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆனால், இதுவும் கிழங்கிலிருந்தே முளைக்கும், வெள்ளையாகப் பூக்கும், மாலையில் வீடெல்லாம் மணக்கும். ஆனி, ஆடியில் நல்ல கிழங்காகப் பார்த்து, வெயில் படும் இடத்தில் நடுங்கள். தொட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மூன்று, நான்கு மாதங்களில் பூக்காம்பு எழும்பும்.

முதல் பூ மலர்ந்ததும் பறித்துவிடாதீர்கள். ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். ஒற்றைச் சம்பங்கியில் இதழ்கள் எத்தனை? உள்ளே மகரந்தத்தாள்கள் எத்தனை? எண்ணிப் பார்த்து வரையுங்கள். லில்லியைப் போலவே இரண்டும் ஆறாக இருப்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். படத்தின் அடியில் உங்கள் பெயரையும் எழுத மறந்துவிடாதீர்கள்!