வெள்ளிக்கிழமை வீணை

தேவ்நாரில் குப்பை லாரிகளுக்கு ஓய்வு கிடையாது. கோவண்டி பக்கம் போனால் ரெயில் சத்தம். இப்படிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தும் நாம், மிக மெல்லிய நாதத்தால் பெரும்புகழ் பெற்ற ஒரு பெண்மணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்தான் வீணை தனம்மாள்.

1867-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். பாட்டி நாட்டியக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகி. பார்வையற்ற வித்வான் பால்தாஸ் நாயுடுவிடம் தனம்மாள் பதங்களைக் கற்றார். பிற்காலத்தில் தனம்மாளும் பார்வை இழந்தார். வீணைக்கு 24 மெட்டுகள். அத்தனையும் அவர் விரலுக்குத் தெரியும். கண் போனதால் வாசிப்பு நிற்கவில்லை.

வீணை வாசிப்பவர்கள் கம்பியில் செய்த மீட்டை விரலில் மாட்டிக்கொள்வது வழக்கம். நாதம் கணீரென்று எழும்பும். தனம்மாள் அதை மாட்டவில்லை. வெறும் நகத்தால் மீட்டினார். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் ஒரு சுரம்தான் வரும். வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டு, இடது கை விரலால் தந்தியை மெட்டின்மேல் இழுத்தால் சுரங்கள் வளைந்து வளைந்து வரும். இந்த நுட்பத்தில்தான் அவர் மேதை. வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடவும் செய்வார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் கச்சேரி. மைக் கிடையாது. பேச்சுக் கிடையாது. பெரிய வித்வான்களும் அங்கே வந்து, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நமது சண்முகானந்தா மண்டபத்தில் சுமார் 2,700 பேர் உட்காரலாம். அந்தச் சிறிய அறையில் எத்தனை பேருக்கு இடம் இருந்திருக்கும்? ஆனால் தென்னாட்டுச் சங்கீதத்தின் தரத்துக்கு அந்த அறைதான் உரைகல்லாக இருந்தது.

பணக்கஷ்டம் அவரை விடவில்லை. அதற்காக வாசிப்பை மலிவாக்கவும் இல்லை. 1938-ல் காலமானார்.

அவர் சொத்து சேர்க்கவில்லை. சங்கீதத்தைச் சேர்த்து வைத்தார். பேத்தி பாலசரசுவதி நாட்டியத்தில் உலகப்புகழ் பெற்றார். சென்னை சங்கீத வித்வத் சபை 1973-ல் அவருக்கும், 1976-ல் இன்னொரு பேத்தி பிருந்தாவுக்கும் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது.

தனம்மாளின் பழைய இசைத்தட்டுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். முதலில் தட்டின் கரகரப்புதான் காதில் விழும். வேலை முடிந்து வந்த இரவில், கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் முறை கேளுங்கள். கரகரப்புக்குப் பின்னால் வீணை இருக்கிறது.