பேரறிஞர் எர்னஸ்ட் அபே

நம் குழந்தைகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் குனிந்து நோக்கும் நுண்ணோக்கியை அறியாதார் இலர். அக்கருவியை வெறும் கைப்பழக்கத்தினின்று மீட்டுக் கணிதத்தின்மேல் நிலைநிறுத்திய பெருமை ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் அபே அவர்களுக்கு உரியது.

1840ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஐஸனாக் நகரில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையார் நாள்தோறும் பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் இயந்திரத்தருகே நின்றே உழைத்தார். உணவு கொண்டு செல்லும் சிறுவன், தந்தை நின்றவாறே அதனை விரைந்து உண்பதைக் கண்டு வளர்ந்தான். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை. ஆலை முதலாளியின் உதவியும் பெற்றுக் கற்றுத் தேர்ந்து, 1863இல் யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அந்நகரில் கார்ல் ஸைஸ் என்பார் நுண்ணோக்கி செய்யும் தொழிற்கூடம் நடத்தி வந்தார். லென்ஸ் எனப்படும் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்தித் தெளிவு தோன்றும்வரை முயல்வதே அக்கால வழக்கம். தேர்ந்த தொழிலாளி மறைந்தால் அவன் திறமும் உடன் மறையும். இக்குறை தீர்க்க, 1866இல் ஸைஸ் அபேயின் துணையை நாடினார்.

கணக்கிட்டுச் செய்த முதல் வில்லைகளோ பழையவற்றினும் தாழ்ந்திருந்தன. ஆயினும் ஸைஸ் மனந்தளராது ஆராய்ச்சிச் செலவைத் தாங்கினார். தோல்வியின் காரணத்தைத் தேடிய அபே, பொருளிற்பட்டு விலகிச் செல்லும் ஒளியை மிகுதியாக ஏற்கும் அகன்ற வில்லையே நுண்மையைக் காட்டும் எனக் கண்டார். 1872 முதல் அங்குச் செய்த நுண்ணோக்கிகள் யாவும் கணக்கின்படியே அமைந்தன. அடுத்த ஆண்டே அக்கொள்கையை அவர் உலகறிய வெளியிட்டார். தக்க கண்ணாடி கிடையாமை பின்னும் தடையாக நின்றது. ஓட்டோ ஷாட் என்னும் வேதியியல் அறிஞரை வரவழைத்து, 1884இல் யேனாவிலேயே கண்ணாடி ஆய்வுக்கூடம் அமைத்தனர். அதன் பயனாக 1886இல் நிறக்குறை பெரிதும் நீங்கிய வில்லைகள் வெளிவந்தன.

பங்காளியாக உயர்ந்த அபே பெருஞ்செல்வர் ஆனார். 1888இல் ஸைஸ் மறைந்தபின், தொழிற்சாலையைத் தம் குடும்பச் சொத்தாக்க அவர் விரும்பவில்லை. 1889இல் நண்பர் பெயரால் அறக்கட்டளை நிறுவி, 1891இல் தம் உடைமையை அதற்கே ஈந்தார். 1896இல் அவர் வகுத்த விதிகள் வியப்புக்குரியன. தலைமை அதிகாரியின் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்தைப் போல் பத்து மடங்கை மிஞ்சலாகாது. சமயமோ, குலமோ, கட்சியோ பார்த்து எவரையும் ஒதுக்கலாகாது. உழைப்போர்க்கு ஊதியத்துடன் விடுமுறையும், ஓய்வூதியமும், இலாபத்தில் பங்கும் உண்டு. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் வருவாயில் ஒரு பகுதி சேரும்.

1900இல் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். கணக்கேடுகளை ஆராய்ந்தபோது உற்பத்தி குறையவில்லை, சற்றே கூடியிருந்தது! 1905 ஜனவரி 14ஆம் நாள் அவர் மறைந்தார்.

புதுமை காணும் தொழிலுக்கு ஆய்வறிவு மட்டும் போதாது. தோல்வியைப் பொறுக்கும் முதலாளியும், பயனில் பங்குபெறும் உழைப்பாளியும் வேண்டும். தந்தைக்கு உணவு சுமந்த சிறுவன், இருக்கையில் அமர்ந்து உண்ணும் ஓய்வை ஆயிரமாயிரம் தந்தையர்க்கு அளித்தான் என்பதை நம் இளைஞர் மறவாதிருப்பாராக.