அண்ணல் நூற்ற நூல்

தமிழில் நூல் என்னும் சொல் இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டவர் நம் முன்னோர். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மங்கையாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து, குற்றமற்ற நூல் உருவாகும் வகையை நன்னூற் பாயிரம் விளக்குகிறது. துணையற்ற மகளிர் நூல் நூற்று வாழ்ந்த செய்தியைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. சோழர் தலைநகராகிய உறையூர் மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூல் அர்காரு என்னும் உள்நாட்டு ஊரின் துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில் பழங்காலச் சாயத்தொட்டியும் வெளிப்பட்டது.

இத்தகைய மரபுடைய திருச்சிராப்பள்ளிக்கு, நூல் நூற்பதையே நாட்டின் விடுதலைக்கு வழியெனச் சொல்லிக்கொண்டு 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தவர் காந்தியடிகள். அவரை அரசியல் தலைவராகவும், சமயச் சான்றோராகவும் எழுதிய நூல்கள் பல. கைத்தொழிலாளராகவும், கையால் செய்த பொருளையே பரிசாக அளித்தவராகவும் அவரை நோக்கினால், அவர் வாழ்வின் மற்றொரு இழை புலப்படும்.

உடையும் மானமும்

மோகன்தாசு கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். சட்டம் பயில 1888இல் இலண்டன் சென்றவர், அங்குத் தொடக்கத்தில் உடையில் பெரிதும் நாட்டம் கொண்டார். நாகரிகக் கடைவீதியில் தைத்த மாலை உடை, உயர்ந்த தொப்பி, தமையனாரிடம் கேட்டுப் பெற்ற இரட்டைத் தங்கச் சங்கிலி ஆகியவற்றுடன் கண்ணாடி முன் நெடுநேரம் நின்ற இளைஞர் அவர். பிறர் தைத்ததை அணிவதில் பெருமை கொண்ட அந்நாளைப் பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதினார்.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்றபின் அந்நிலை மாறத் தொடங்கியது. பிரிட்டோரியாவில் வெள்ளையர் ஒருவர் முடி வெட்ட மறுத்தபோது தாமே வெட்டிக்கொண்டார். சலவைக்கு ஆகும் செலவைக் கண்டு தம் கழுத்துப் பட்டையைத் தாமே வெளுத்துக் கஞ்சி போடக் கற்றார். நண்பர்கள் நகைத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

உடை என்பது மானம் என்பதை அவருக்கு உணர்த்தியவர் ஒரு தமிழர். 1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர், முதலாளி அடித்ததால் முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி வழிய, கிழிந்த உடையுடன் அவரிடம் வந்தார். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளையரைக் காணும் கூலித் தொழிலாளர் அவ்வாறு செய்ய வேண்டும் என்பது அங்கு வழக்கமாகியிருந்தது. காந்தியடிகள் அத்துணியை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ளச் செய்தார். ஒரு முழத் துணியில் ஒரு மனிதனின் மானம் அடங்கியிருப்பதை அவர் அன்று கண்டார். பாலசுந்தரத்தை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்ட செய்தி தமிழகத்து ஊர்கள் வரை எட்டியது.

சிறையில் ஊசி

1909ஆம் ஆண்டில் பிரிட்டோரியாச் சிறையில் காந்தியடிகளுக்குக் கம்பளிகளைத் தைக்கும் வேலை தரப்பட்டது. வழக்குமன்றத்தில் வாதாடிய கை, தரையில் அமர்ந்து முதுகு நோக ஊசி பிடித்தது. தம்முடன் சிறை சென்றவருள் பெரும்பாலோர் தமிழர் என்பதால் போப் எழுதிய நூலைக் கொண்டு தமிழையும் அவர் பயின்றார். பகலில் தையல் நூல், ஓய்வில் தமிழ் நூல் என்று அச்சிறைவாழ்வு கழிந்தது.

அவ்வாண்டு இறுதியில் இலண்டனில் இருந்தபோது நிகழ்ந்த ஒரு செய்தியைத் திருச்சிராப்பள்ளியார் நினைவில் கொள்ளலாம். விசயதசமியை ஒட்டி இந்திய இளைஞர்கள் நடத்திய விருந்துக்குக் காந்தியடிகள் தலைமை ஏற்க இசைந்திருந்தார். சமையற்பணியில் திருவரங்கத்தில் பிறந்த மருத்துவ மாணவர் தி.சே.சௌ. இராசனும் மற்றவர்களும் ஈடுபட்டிருந்தனர். மெலிந்த உருவினர் ஒருவர் வந்து அவர்களுடன் பாத்திரம் துலக்கினார், காய்கறி நறுக்கினார். வரகனேரி வ.வே.சு. ஐயர் வந்து பார்த்த பின்னரே அவர்தாம் விருந்தின் தலைவர் என்பது மற்றவர்க்குத் தெரிந்தது. வன்முறை வழியில் நம்பிக்கை கொண்டிருந்த அவ்விளைஞர்களுடன் அவர் கருத்து மாறுபட்டார். ஆயினும் அவர்களோடு கைவேலையில் கலந்துகொண்டார். இராசன் பின்னாளில் அடிகளின் வழிக்கே வந்து சேர்ந்தார். 1930 ஏப்ரல் 13இல் வேதாரணிய உப்பு நடைப்பயணம் புறப்பட்டது திருச்சிராப்பள்ளியில் இருந்த அவர் இல்லத்திலிருந்தே.

1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அங்கு அனைவரும் முரட்டு நீலத்துணியால் ஆன தொழிலாளர் உடையே அணிந்தனர். தையலில் தேர்ந்த பெண்கள் அவ்வுடைகளைத் தைக்கும் பொறுப்பை ஏற்றனர். காலணி செய்யும் தொழிலை நண்பர் காலன்பாக் துறவியர் மடமொன்றில் கற்றுவந்து அடிகளுக்கும் கற்பித்தார். தம்மைச் சிறையிட்ட தளபதி ஸ்மட்சுக்குச் சிறையில் தாமே செய்த ஒரு சோடிச் செருப்பை 1914இல் அடிகள் பரிசாக அளித்தார். பல கோடைகள் அதனை அணிந்த ஸ்மட்சு, அடிகளின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி 1939இல் அதனைத் திருப்பி அனுப்பினார். அத்தகையவரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்றும் எழுதினார். பகைவரின் கால் அளவை எண்ணி ஒருவர் தோலை அறுத்துத் தைத்தார் என்பதே அப்பரிசின் பொருள்.

அப்போராட்டத்தின் விலையும் பெரிது. சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள், பதினாறே வயதில் உயிர் நீத்தார். அதற்குச் சற்று முன், 1913 இறுதியில், சுடப்பட்டு இறந்த தொழிலாளர்க்காக ஐரோப்பிய உடையைக் களைந்து கூலித் தொழிலாளரின் உடையை அடிகள் அணிந்திருந்தார். 1915இல் தாயகம் திரும்பியபின் தில்லையாடிக்கும் சென்று வந்தார்.

மறந்த தொழிலின் தேடல்

கைத்தறியே நாட்டின் வறுமைக்கு மருந்து என்று இந்திய சுயராச்சியம் என்னும் நூலில் 1909இலேயே அவர் எழுதிவிட்டார். ஆனால் அப்போது தறியையோ இராட்டையையோ அவர் கண்ணால் கண்டதில்லை. அகமதாபாதில் ஆசிரமம் அமைத்துத் தறி போட்ட பின்னரும் ஆலை நூலையே நெய்ய வேண்டியிருந்தது. அதன்பின் கங்காபென் என்னும் கைம்பெண்மணி ஊர் ஊராகத் தேடி, பரோடா சமத்தானத்து விசாப்பூரில் இராட்டைகளைக் கண்டுபிடித்தார். அவை பலர் வீட்டில் பரண்மீது பயனற்றுக் கிடந்தன. பஞ்சு கொட்டி, பட்டை திரித்து, நூற்கும் முறையை ஆசிரமத்தார் மீண்டும் முதலிலிருந்து கற்றனர். மரபு என்று நாம் போற்றுவது, ஒரு தலைமுறை கைவிட்டாலே பரண்மீது ஏறிவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

திருவரங்கத்திலிருந்து மதுரைக்கு

1921 சூலை 31இல் பம்பாயில் அயல்துணிகள் எரியூட்டப்பட்டன. அதற்கு அடுத்த செப்டம்பரில் அடிகளின் தமிழகப் பயணம் நிகழ்ந்தது. உடன்வந்த மௌலானா முகமது அலி வழியில் வால்டேரில் கைது செய்யப்பட, அடிகள் பயணத்தைத் தொடர்ந்தார். திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் அவரை வரவேற்றன. உறையூரின் பழந்தறி மரபும், திருவரங்கத்தின் தொண்டு மரபும் அருகருகே வாழும் பகுதி இது. நந்தவனம் அமைத்து, நாளும் மாலை தொடுத்து அரங்கனுக்குச் சூட்டிய தொண்டரடிப்பொடியாழ்வார் வாழ்ந்த மண்ணில், கையால் செய்து அளிக்கும் காணிக்கையின் அருமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் அப்பயணத்தில் அவரை ஒரு மறுமொழி வருத்தியது. கதர் உடுத்துமாறு அவர் கேட்டபோது, கதர் வாங்கும் அளவுக்குத் தம்மிடம் பொருள் இல்லை என்று வழியில் எளியவர் கூறினர். கையால் நூற்று நெய்த துணி ஆலைத் துணியைவிட விலை மிகுந்திருந்தது. ஏழைக்காகத் தொடங்கிய இயக்கத்தின் ஆடை ஏழைக்கு எட்டவில்லை. அடிகளோ தொப்பி, சட்டை, முழு வேட்டி என்று மூன்றும் அணிந்திருந்தார். இம்முரணுக்கு வாதத்தால் விடை கூற அவர் முயலவில்லை. செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் தலையை மழித்து, இடையில் முழத்துண்டு ஒன்று மட்டும் உடுத்தி வெளிவந்தார். ஓராண்டில் முற்றாகக் கதருக்கு மாற இயலாதவர்கள் துணியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தாமே சான்றாக நின்றார். தற்காலிகமாக ஏற்ற அவ்வுடை வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1931இல் இங்கிலாந்து அரசரின் அரண்மனைக்கும் அவர் அவ்வுடையிலேயே சென்றார்.

கவிஞரின் ஐயம்

இராட்டையை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் எனல் வரலாறாகாது. 1921 அக்டோபரில் மாடர்ன் ரிவியூ இதழில் தாகூர் தம் மறுப்பை வெளியிட்டார். எல்லாரும் ஒரே தொழிலை எந்திரம்போல் செய்யுமாறு பணிப்பது மனத்தின் உரிமையைக் குறைக்கும் என்று அக்கவிஞர் அஞ்சினார். அடிகளும் பணிவோடு மறுமொழி எழுதினார். பசித்தவனுக்கு உணவும் அதைத் தரும் தொழிலுமே முதற்கவிதை என்பது அம்மறுமொழியின் கருத்து. நட்பு குன்றவில்லை; கருத்தும் ஒன்றாகவில்லை. காங்கிரசு உறுப்பினர் மாதந்தோறும் 2,000 கெச நூல் தர வேண்டும் என்று 1924இல் ஏற்பட்ட விதி ஓராண்டும் முழுமையாக நிலைக்கவில்லை; 1925இல் நாலணாக் கட்டணத்துக்கும் இடம் தரப்பட்டது. விதியாக்கப்பட்டபோது தொய்ந்த நூல், விரும்பி நூற்றவர் கையில் தொடர்ந்து ஓடியது. கவிஞரின் ஐயத்தில் உண்மை இருந்தது என்பதையும் இது காட்டுகிறது.

எந்திரம் அனைத்துக்கும் அடிகள் பகைவர் அல்லர். சாந்தி நிகேதனத்து மாணவராகிய கோ. இராமச்சந்திரன் 1924இல் இதுபற்றி வினவியபோது, சிங்கர் தையல் எந்திரத்தை அவர் விலக்காக எடுத்துக்காட்டினார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அன்பினால் ஒருவர் படைத்த கருவி அது என்பது அவர் கருத்து.

1927 செப்டம்பரில் கதர் நிதிக்காக மீண்டும் தஞ்சை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளுக்கு அவர் வந்தார். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றித் தந்தனர். வரவேற்பு மடல்களும் மேடையிலேயே ஏலத்துக்கு வந்தன. தமக்குக் கிடைத்த விலையுயர்ந்த பரிசு எதனையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1931இல் இலண்டன் சேரிக் குழந்தைகள் பிறந்தநாளுக்கு அளித்த விளையாட்டுப் பொருள்களை மட்டும் பெட்டியில் வைத்துத் தாயகம் கொண்டுவந்தார்.

பொன்னும் நூலும்

பரிசு பற்றிய இக்கொள்கை அவர் இல்லத்தில் ஒரு வடுவை ஏற்படுத்தியிருந்தது. 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோது மக்கள் கஸ்தூரிபா அம்மையாருக்கு ஐம்பது கினி பெறுமானமுள்ள பொன்மாலையை அளித்தனர். பொதுப்பணிக்குக் கிடைத்தது பொதுவுக்கே உரியது என்று அடிகள் அதனை அறநிலைப் பொறுப்பில் சேர்த்தார். அம்மையார் கண்ணீரோடு எதிர்த்தார். வருங்கால மருமகளுக்கு ஆகும் என்றார். கணவருக்காகத் தாம் இரவுபகல் உழைத்ததும் தொண்டே அன்றோ என்று வாதிட்டார். அவ்வினாவுக்கு அன்று தக்க விடை கிடைத்தது எனக் கூற இயலாது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருவரும் காவலில் இருந்தபோது, 1944 பிப்ரவரி 22ஆம் நாள் அம்மையார் உயிர் துறந்தார். வள்ளியம்மை மறைந்த அதே நாள். இடையில் முப்பது ஆண்டுகள். அம்மையாரின் உடலில் போர்த்தப்பட்டது, அடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை. இறுதியில் அதனையே தமக்கு உடுத்த வேண்டும் என்று அம்மையார் முன்னரே விரும்பிப் பேணி வைத்திருந்தார். பொன்மாலையை இழந்தவர் தாமே தேர்ந்து உடன்கொண்டுசென்ற பொருள் அதுவே. அச்சேலையின் ஒவ்வொரு இழையிலும் கணவர் அவருக்கெனச் செலவிட்ட நேரம் இருந்தது.

கையால் நூற்றதைப் பரிசாக்கும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது. 1942இல் இந்திரா தம் திருமணத்தில் உடுத்தியது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலால் ஆன சேலை. 1947இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு அடிகள் அனுப்பியதும் அவர் நூற்ற நூலில் பின்னப்பட்ட ஒரு சிறு விரிப்பே. முடியரசி மேரி அதனை இடைத்துணி எனத் தவறாக எண்ணி முகம் சுளித்தார் என்பர். ஓர் அரசை எதிர்த்து வென்றவர், அவ்வரச குடும்பத்துக்கு வழங்கத் தம் கைவேலையைவிட உயர்ந்தது இல்லை எனக் கருதினார்.

1948 சனவரி 30இல் அடிகள் மறைந்தார். திருச்சிராப்பள்ளியில் நாள்தோறும் மக்கள் கூடும் பெருஞ்சந்தை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அடிகளைப் போற்றுவோர் பலரும் இராட்டையைப் படத்தில் வைத்துப் போற்றுகின்றனர். அவரோ பரணிலிருந்து இறக்கிச் சுழற்றினார். உறையூரின் சாயத்தொட்டி மண்ணுக்குள் காக்கப்பட்டது. அவ்வூரின் நெசவை இன்றளவும் காத்து வருவது நெய்வோர் கை. மொழியின் மரபும் அவ்வாறே. பாயிரம் சொன்ன பஞ்சு இன்னும் தீரவில்லை. புலவர் நாள்தோறும் நூற்றால்தான் அது நூலாகும்.