எஞ்சின் தட்டலை நிறுத்தியவர்: தோமஸ் மிட்ஜ்லி விட்டுச்சென்ற ஈயம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் ரொப் கியரிலேயே அக்சிலேற்றரை மிதித்துப் பாருங்கள். தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல எஞ்சினுக்குள் இருந்து ஒரு கிலுகிலுப்பு வரும். கராஜ்காரர்கள் அதை எஞ்சின் தட்டுது என்பார்கள். அந்தத் தட்டலுக்கு மருந்து கண்டுபிடித்தவர் தோமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர். கொழும்பில் காலி வீதியோரமாக வளர்ந்த என் தலைமுறையின் இரத்தத்திலும் அந்த மருந்து கொஞ்சம் ஓடியிருக்கும். அவருடைய கதையை நான் தேடிப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், என் மாமாவின் ஒஸ்டின் ஏ40 மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அங்கே அப்போது எல்லா வாகனங்களும் அப்படித்தான். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் தட்டலுமாக அது ஓடும். பின்னர் அந்தக் கார் வெள்ளவத்தைக்கு வந்தபோது அதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு வயரைக் கழற்றும்போது சத்தம் அடங்கினால் அந்தச் சிலிண்டரின் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியானால் செலவு பெரிது. எங்களுடையது அப்படியில்லை. பாரம் இழுக்கும்போது மட்டும்தான் தட்டியது, ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் குறைந்தது. கோளாறு எரிபொருளிலும், பிஸ்ரன் தலையில் படிந்திருந்த கரியிலும்தான் இருந்தது.

இதே மண்ணெண்ணெய்தான் மிட்ஜ்லியையும் இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது. 1889 மே 18ஆம் திகதி பென்சில்வேனியாவின் பீவர் ஃபோல்ஸில் பிறந்து, ஒஹையோவில் வளர்ந்தவர். தந்தை ரயர் தொழிலில் புதுப்புனைவுகள் செய்தவர். 1911இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்ற மிட்ஜ்லி, இரசாயனத்தை முறையாகப் படித்தவர் அல்ல. 1916இல் டேற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். கார்களுக்கு மின் ஸ்ரார்ட்டரைக் கொண்டுவந்த அதே கெற்றரிங். அவருடைய கொம்பனி பண்ணை வீடுகளுக்கு விற்ற மண்ணெண்ணெய் மின்பிறப்பாக்கிகள் பயங்கரமாகத் தட்டின. கார்கள் தட்டினாலும் பழி கெற்றரிங்கின் பற்றரி இக்னிஷன் மீதே விழுந்தது. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, காரணத்தைத் தேடும் பொறுப்பை அவர் புதிதாக வந்த இளைஞனிடம் கொடுத்தார்.

மிட்ஜ்லி முதலில் செய்தது நல்ல மெக்கானிக்கின் வேலைதான்: நோயைச் சரியாகப் பிரித்தறிந்தார். பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதால் தட்டுகிறது என்று பலர் நம்பியிருந்தார்கள். சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறும் விதத்தை அவர் பதிவு செய்து பார்த்தபோது விடயம் வேறாக இருந்தது. பொறி சரியான நேரத்திலேயே விழுகிறது, தீயும் ஒழுங்காகவே பரவத் தொடங்குகிறது. ஆனால் தீ இன்னும் எட்டாத மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை, அமுக்கமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரேயடியாக வெடிக்கிறது. ஆக, பழி இக்னிஷனுக்கல்ல, எரிபொருளுக்கே. இது உண்மையான சாதனை. பிற்காலத்தில் அவர் மீது கோபப்பட்டவர்கள் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அதன் பின் மருந்து தேடும் படலம். பனிக்காலம் முடியுமுன்பே பூக்கும் ஒரு செடியின் இலை சிவந்திருப்பதைப் பார்த்த கெற்றரிங்குக்கு, மண்ணெண்ணெயைச் சிவப்பாக்கினால் அது வெப்பத்தை நன்றாக உறிஞ்சும் என்று ஒரு யோசனை. கையருகே சாயம் இல்லாததால் அயடீனைக் கலந்தார்கள். தட்டல் குறைந்தது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறம் பற்றிய யோசனை தவறு, அயடீன் வேலை செய்தது சரி. அதைப் பிடித்துக்கொண்டு அனிலின், செலினியம், தெலூரியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார்கள். தெலூரியம் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதன் உள்ளி நாற்றம் உடம்பிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. கடைசியில் 1921 டிசெம்பர் 9ஆம் திகதி, நான்கு எதைல் கூட்டங்கள் இணைந்த ஈயச் சேர்மம் ஒன்றைச் சோதனை எஞ்சினில் ஊற்றினார்கள். ஒரு கலன் பெற்றோலுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. தட்டல் அடியோடு நின்றது.

அற்ககோல் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும், அதையும் அவர் சோதித்திருந்தார். ஆனால் எவரும் வடிக்கக்கூடிய அற்ககோலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயத்துக்கு வாங்கலாம். 1923இல் டேற்றனில் விற்பனை தொடங்கியபோது, ஈயம் என்ற சொல்லையே விட்டுவிட்டு எதில் என்று மட்டும் பெயர் வைத்தார்கள். என்ன இருக்கிறது என்பதைப் பெயரிலேயே மறைக்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

ஈயம் நஞ்சு என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதே 1923இன் தொடக்கத்தில் அவரே ஈய நஞ்சேறி, வேலையை விட்டுப் புளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். 1924 ஒக்டோபரில், நியூ ஜேர்சியில் இருந்த ஸ்ரான்டர்ட் ஒயில் ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. இல்லாதவற்றைக் கண்டு அலறினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைக்குப் போனார்கள். அந்த மாதம் 30ஆம் திகதி மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன் வந்து, அந்தத் திரவத்தைத் தன் கைகளில் ஊற்றிக் கழுவினார். போத்தலை மூக்கருகே பிடித்து ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். இதனால் தீங்கில்லை என்று நாட்டை நம்பவைப்பதே நோக்கம். அவருடைய வாழ்க்கையில் நான் மன்னிக்க முடியாத நிமிடம் இதுதான். 1925இல் விற்பனை நிறுத்தப்பட்டது. அரசு அமைத்த குழு தடைசெய்யப் போதிய காரணமில்லை என்றதும், 1926இல் மீண்டும் தொடங்கியது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு எதிலின் காலம். அறுபதுகளின் அமெரிக்க மசில் கார்கள் பத்துக்கு ஒன்று, அதற்கும் மேலான அமுக்க விகிதத்தோடு பாய்ந்தது ஈயத்தின் தயவில்தான். 1971 மொடல்களில் ஜெனரல் மோட்டர்ஸ் அந்த விகிதத்தைக் குறைத்தது, ஈயமில்லாப் பெற்றோலுக்குத் தயாராகத்தான். இடையில் புவியின் வயதைக் கணித்த கிளெயார் பற்றர்சன், தன் ஆய்வுகூடத்துக்குள் எங்கும் ஈயத்தூசு இருப்பதைக் கண்டு அதன் மூலத்தைத் தேடினார். கடலிலும் துருவப் பனியிலும் பெற்றோலின் ஈயம் சேர்ந்திருப்பதைக் காட்டினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பதை இன்று எந்த வைத்தியரும் மறுப்பதில்லை.

மிட்ஜ்லி இதையெல்லாம் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நச்சில்லாத வாயு வேண்டும் என்று கேட்டபோது ஃபிரியோனைத் தந்தார். 1930இல் அதை மூச்சில் இழுத்து, ஊதி, எரிந்த மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயும் பற்றாது. இந்த முறை செய்துகாட்டலில் பொய்யில்லை. ஓசோன் படலத்தை அந்தக் குடும்பத்து வாயுக்கள் அரிப்பதை 1974இல்தான் மொலினாவும் ரோலண்டும் எடுத்துச் சொன்னார்கள். ஈயத்தையும் ஃபிரியோனையும் ஒரே தராசில் வைத்து அவரை ஏசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒன்றில் அவருக்குத் தெரிந்திருந்தது, மற்றதில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1940இல் அவரைப் போலியோ தாக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்காகக் கயிறும் கப்பியுமாக ஒரு பொறியைத் தானே வடிவமைத்தார். 1944இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைவரானார். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி, அந்தக் கயிறுகள் கழுத்தை நெரித்து இறந்துகிடந்தார். வயது 55.

இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா நிறுத்தியது. அதுவரை காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்களும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில் கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகளும் சுவாசித்ததை எவரும் கணக்கெடுத்துத் தரப்போவதில்லை. மாமாவின் ஏ40 இன்னும் ஓடுகிறது. அதன் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. 92 ஒக்டேன் பெற்றோலே அதற்குத் தாராளம்.