திலகவதியார் வளர்த்த தம்பி

சைவ சமயக் குரவர் நால்வருள் முதியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். கையில் உழவாரப்படை தாங்கிய அவர்தம் திருவுருவை அன்பர்கள் எல்லா ஆலயங்களிலும் வழிபடுகின்றனர். அந்தக் கைத்தொண்டை அவர் எவரிடமிருந்து கற்றார் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அரசரிடமோ ஆசாரியரிடமோ அவர் அதனைக் கற்கவில்லை; தம்மை வளர்த்த தமக்கையாரிடமே கற்றார்.

ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் மரபில் வாழ்ந்தவர் புகழனார். அவர்தம் துணைவியார் மாதினியார். இவ்வூர் இன்றைய பண்ருட்டிக்கு அருகில் உள்ளது. இவர்களுக்கு முதலில் திலகவதியாரும், சில ஆண்டுகள் கழித்து மருள்நீக்கியாரும் பிறந்தனர். மருள்நீக்கியார் என்பதே நாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணம் இக்குடும்பத்தின் வரலாற்றை விரிவாக உரைக்கின்றது.

திலகவதியாருக்கு 12 வயது நிரம்பியபோது, அரசனின் படைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினர். பெற்றோரும் இசைந்தனர். திருமணம் நிகழுமுன் அரசன் ஆணையால் கலிப்பகையார் வடபுலத்துப் போருக்குச் சென்றார். அந்த இடைக்காலத்தில் புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்திருக்க ஆற்றாத மாதினியாரும் உயிர் நீத்தார். அத்துயரம் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கென்று உறுதி செய்துவிட்டமையால், இனித் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் துணிந்து, திலகவதியார் உயிர்விடப் புகுந்தார். அப்போது சிறுவராகிய மருள்நீக்கியார் அவர் காலடியில் விழுந்து கதறினார். தாய் தந்தையரை இழந்தபின் தமக்கையாரைக் கண்டே தாம் உயிர் தாங்கியிருப்பதாகவும், அவரும் போவாராயின் அவருக்கு முன்னே தாம் இறந்துபடுவது உறுதி என்றும் அழுதார். தம்பி உயிரோடிருக்க வேண்டும் என்ற ஒரே கருணையால் அம்மையார் தம் முடிவைக் கைவிட்டார். பொன்னும் மணியும் அணியாமல், மனையிலேயே தவநெறி பூண்டு, தம்பியை வளர்க்கலானார். பின்னாளில் தமிழகமெங்கும் நடந்து பாடிய பெரியவரின் வாழ்வு, ஓர் இளம்பெண் தம் இறப்பை விலக்கிக்கொண்ட அந்த நாளில் கிடைத்த வாழ்வாகும்.

மருள்நீக்கியார் வளர்ந்தார். குடும்பச் செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப் பந்தல் வைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தோண்டினார். இளமையிலேயே மூன்று மரணங்களைக் கண்ட உள்ளமன்றோ! நிலையாமையைப் பற்றிய வினா அவரை விடவில்லை. விடை தேடிப் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூர் சென்று சமணப் பள்ளியில் சேர்ந்தார். நூல்கள் பல கற்றுத் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை நிலைக்கும் உயர்ந்தார். உண்மையை நாடிய நெஞ்சத்தின் தேட்டமாகவே அதனைக் கொள்ளுதல் தகும்.

எவருக்காக உயிர் தாங்கினாரோ அவரே பிரிந்து சென்றபோது, திலகவதியார் தம்பியைப் பழித்ததாகவோ வழக்காடியதாகவோ புராணத்தில் இல்லை. திருவாமூரை விட்டுக் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடத்தில் தங்கினார். பொழுது விடியுமுன் எழுந்து திருக்கோயிலைப் பெருக்கினார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்பதே இறைவனிடம் அவர் நாள்தோறும் வைத்த விண்ணப்பம்.

சூலை நோய் வடிவில் இறைவன் அருள்புரிந்தான் என்பது புராணம். வயிற்றைக் குடைந்த அந்நோயைப் பள்ளியிலிருந்தோரின் மருந்தும் மந்திரமும் தீர்க்கவில்லை. தாங்க இயலாத நிலையில் தருமசேனருக்கு நினைவுக்கு வந்தவர் தமக்கையாரே. சமையற்காரரைத் தூது அனுப்பினார். அம்மையாரோ தாம் அங்கு வருவதற்கில்லை என்று சொல்லியனுப்பினார். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது கடுமையாகத் தோன்றும். ஓடிச் சென்று மடியில் கிடத்திக்கொள்வதே தாயன்பு என எண்ணுவோரும் உண்டு. ஆயினும் தாம் சென்றால் தம்பியின் வலிக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கும், தம்பி வந்தால் வாழ்வே கிடைக்கும் என்பதை அத்தமக்கையார் உணர்ந்திருந்தார் போலும்.

தம்பி வந்தார். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, இரவோடு இரவாக மடத்தை அடைந்து தமக்கையாரின் திருவடிகளில் விழுந்தார். சிறுவயதில் ஒருமுறை விழுந்த அதே அடிகள்! அம்மையார் நடந்தவற்றைக் குறித்து ஒன்றும் கேளாமல், திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சி வேளையில் துடைப்பமும் மெழுகுதற்குரிய பொருளும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக் கோயிலுள் புகுந்தார் என்று சேக்கிழார் காட்டுகின்றார். இத்தனை ஆண்டுகள் வேண்டி நின்ற வரம் கைகூடிய அந்நாளிலும் அம்மையார் தம் அன்றாடப் பணியை நிறுத்தவில்லை. அத்திருமுன்னர்த்தான் முதல் திருப்பதிகம் பிறந்தது, நோயும் தீர்ந்தது, நாவுக்கரசு என்னும் நாமமும் வாய்த்தது.

அதன்பின் பல்லவ மன்னன் இழைத்த துன்பங்கள் யாவரும் அறிந்தவை. நீற்றறை, நஞ்சு, யானை ஆகியவற்றுக்குப் பின் கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அவர், அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். தமக்கையாரைப் பிரிந்து சென்று வாழ்ந்த அதே ஊர்! அங்கே பாடிய பதிகத்தின் தொடக்கத்தில் இறைவனைத் தாயாகவும் தந்தையாகவும் மட்டுமன்றி, உடன்பிறந்தாராகவும் போற்றுகின்றார். தாய் தந்தையரை இளமையில் இழந்து, உடன்பிறப்பு ஒருவராலேயே உயிர் தரித்தவர் அவ்வாறு பாடியது தற்செயல் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

அவர் ஊர்தோறும் உழவாரம் ஏந்திச் சென்று, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில் தம் நெஞ்சை அழைத்து, வைகறையில் கோயிலைக் கூட்டி மெழுகி, மலர்மாலை கட்டித் தொழும்படி சொல்லுகின்றார். திருவதிகையில் திலகவதியார் நாள்தோறும் செய்து வந்த பணிகளே இவை. 4, 5, 6-ஆம் திருமுறைகளாக இன்று நமக்குக் கிடைத்துள்ள அவருடைய பதிகங்கள் 312. இவ்வளவு பாடிய நாவுக்கும் ஓயாது உழைத்த கைகளுக்கும் வழிகாட்டிய திலகவதியாரின் பெயர், அறுபத்துமூவர் வரிசையில் இடம்பெறவில்லை. திருவதிகைத் திருக்கோயிலில் அம்மையாருக்குத் தனிச் சந்நிதி உண்டு.

முதுமையில் திருப்புகலூரில் உழவாரப் பணி செய்துகொண்டிருந்தபோது, அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. அவற்றைக் கல்லோடு கல்லாக உழவாரத்தில் வாரித் திருக்குளத்தில் எறிந்துவிட்டு, எஞ்சியிருந்த புல்லைச் செதுக்கலானார். அத்தலத்திலேயே ஒரு சித்திரைச் சதய நாளில் இறைவன் திருவடியை அடைந்தார்.