கல்விக்கூடத்தின் கதவைத் திறந்த தாஹா ஹுசைன்

கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் நாள்களில் ஆண்டுதோறும் ஒரு விவாதம் எழக் காண்கிறோம். கல்லூரிகள் பெருகிவிட்டன, பட்டதாரிகள் மலிந்துவிட்டனர், தரம் தாழ்ந்துவிட்டது, படித்தவர்க்கு வேலை எங்கே என்று ஒரு சாரார் வினவுவர். இடங்கள் இன்னும் வேண்டும், வசதியற்ற வீட்டுப் பிள்ளை எங்கே போய்ப் படிப்பான் என்று மற்றொரு சாரார் வினவுவர். இவ்விரு குரல்களையும் கேட்கும்போதெல்லாம், இதே வழக்கைத் தம் வாழ்நாள் முழுதும் நடத்திய ஓர் அறிஞர் நினைவுக்கு வருகிறார். அரபு இலக்கிய உலகில் பேரும் புகழும் பெற்ற எகிப்து நாட்டுத் தாஹா ஹுசைனே அவர். அவரது வரலாற்றை அறிந்தார், இவ்விவாதத்தில் எவ்வாதம் எத்துணை எடையுள்ளது என்பதையும் ஒருவாறு அறியலாம்.

மேல் எகிப்தில் மின்யா மாகாணத்து மாகாகா நகரை அடுத்த ஒரு சிற்றூரில் 1889ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் அவர் பிறந்தார். தந்தை எளிய ஊழியர்; வீட்டிலோ பதின்மூன்று பிள்ளைகள். ஏழாவது பிள்ளையாகிய தாஹாவுக்கு ஏறத்தாழ மூன்று வயதில் கண்ணோய் கண்டது. ஊர் நாவிதர் செய்த கைமருத்துவம் நோயைத் தீர்க்கவில்லை, பார்வையைப் பறித்தது. தக்க மருத்துவர் அருகில் இருந்திருப்பின் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்கள் அவை. அறியாமை ஒரு குடும்பத்திலிருந்து எதனைப் பறித்துச் செல்லும் என்பதை அவர் நூல்களில் படித்து அறியவில்லை. தம் உடலிலேயே அறிந்தார்.

ஊரில் குத்தாப் எனும் ஓதும் பள்ளி இருந்தது. நம்மூர் மக்தபை ஒத்த அப்பள்ளியில் செவிவழியே பாடம் கேட்டுத் திருக்குர்ஆனை மனனம் செய்தார். 1902ஆம் ஆண்டு தம் தமையனுடன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். வக்ஃபுச் சொத்துகளின் வருவாயால் நூற்றாண்டுகளாக நிலைத்து நின்ற அக்கலைக்கூடம், ஏழை மாணவர்க்கும் இடந்தந்தது. ரொட்டியும் கரும்புப் பாகுமே பெரும்பாலும் உணவாக, நெருக்கடியான விடுதியறையில் கழிந்த அந்நாள்களை, அல்-அய்யாம் எனும் தம் தன்வரலாற்றில் அவர் நெகிழ்ச்சியோடு பதிவு செய்துள்ளார். ஆயினும் பழைய உரைகளையும் உரைக்கு உரைகளையும் மட்டுமே பயிற்றும் முறை அவருக்கு நிறைவு தரவில்லை. ஆசிரியர்களோடு கருத்து வேறுபட்டார். அஸ்ஹரின் பட்டம் அவருக்குக் கிட்டாமலே போயிற்று.

அக்காலத்து எகிப்தின் நிலையையும் ஈண்டு நினைவில் கொள்ள வேண்டும். 1882 முதல் நாடு ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. 1883 முதல் 1907 வரை அங்கே அதிகாரம் செலுத்திய குரோமர் பிரபு, அதற்கு முன்னர் இந்தியாவில் பதவி வகித்தவர். படித்து வேலையின்றி நிற்கும் இளைஞர் ஆட்சிக்கு எதிராகக் கிளம்புவர் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. ஆகவே அலுவலகங்களுக்கு வேண்டிய அளவுக்கே எழுத்தர்களை உருவாக்கினால் போதும் என்னும் போக்கில் அரசுப் பள்ளிகள் நடந்தன. கட்டணமும் வாங்கப்பட்டது. பட்டதாரிகள் மலிந்துவிட்டனர் என்னும் வாதம் இன்று நேற்றுப் பிறந்ததன்று என்பதும், அதனை முதலில் எழுப்பியோர் மாணவர் நலம் கருதி எழுப்பினர் அல்லர் என்பதும் இதனால் விளங்கும்.

குரோமர் நாடு திரும்பிய மறு ஆண்டு, 1908இல், மக்கள் திரட்டிய நன்கொடையால் எகிப்தியப் பல்கலைக்கழகம் தோன்றியது. தொடக்கத்திலேயே அதன் விரிவுரைகளைக் கேட்கச் சென்றவர்களுள் தாஹா ஹுசைனும் ஒருவர். 1914இல் அபுல் அலா அல்-மஅர்ரீ என்னும் பழம்பெரும் கவிஞரைப் பற்றி ஆய்ந்து, அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றார். அக்கவிஞரும் இளமையிலேயே பார்வை இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர்ப் பிரான்சுக்குச் சென்று மோம்பெலியேயிலும் பாரிசிலும் பயின்றார். சொர்போன் பல்கலைக்கழகத்தில் இப்னு கல்தூனின் சமூகச் சிந்தனையை ஆய்ந்து மற்றுமொரு முனைவர் பட்டம் பெற்றார். அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டிய சூசான் என்னும் பிரெஞ்சு நங்கையை 1917இல் மணந்தார். 1919இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானார்.

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுக் கவிதைகளைப் பற்றி 1926இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் புயலைக் கிளப்பியது. வழக்கு விசாரணை வரை சென்ற அப்பிரச்சினை, குற்றச்சாட்டு கைவிடப்பட்டதோடு முடிந்தது. கண்டனத்துக்குள்ளான பகுதியை நீக்கி மறு ஆண்டு அந்நூலைத் திருத்தி வெளியிட்டார். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. அன்றும் பலர் ஏற்கவில்லை. ஆயின் கல்வி வாயிலைப் பற்றிய அவரது நிலைப்பாடு தனித்து எண்ணத்தக்கது.

1925இல் அரசுப் பல்கலைக்கழகமாக மாறிய அந்நிறுவனத்தில் 1920களின் இறுதியில் பெண்களும் மாணவியராகச் சேர்ந்தனர். துணைவேந்தர் அகமது லுத்ஃபி அல்-சையிதும் தாஹா ஹுசைனும் இதற்குத் துணை நின்றனர். அவரிடம் பயின்ற சுஹைர் அல்-கலமாவி என்னும் மாணவி 1941இல் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை ஆய்ந்து முனைவரானார். பின்னாளில் எகிப்தின் முன்னணிப் பேராசிரியருள் ஒருவராக விளங்கினார்.

1932இல் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சிறப்பாகக் கூற வேண்டும். அப்போது தாஹா ஹுசைன் கலைப்புலத் தலைவர். அரசியல் செல்வாக்குடைய சிலருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குமாறு இஸ்மாயீல் சித்கியின் அரசு நெருக்கியது. அவர் மறுத்தார். அதன் பயனாகப் பல்கலைக்கழகத்திலிருந்து அகற்றப்பட்டார். லுத்ஃபி அல்-சையிது தம் பதவியைத் துறந்தார், மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1934இல்தான் தாஹா ஹுசைன் மீண்டும் பல்கலைக்கழகம் திரும்ப முடிந்தது.

கதவைத் திறக்க வேண்டும் என்ற அதே மனிதரே பட்டத்தின் மதிப்பைக் காக்கத் தம் பதவியை இழந்தார். இவ்விரண்டும் முரணல்ல. சிற்றூரிலிருந்து வந்து தேர்வெழுதி வெல்லும் ஏழை மாணவன் பட்டத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. உழைக்காமல் செல்வாக்கால் பெறுபவரே குறைக்கிறார். சேர்க்கை பெருகுவதையும் தரம் தாழ்வதையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

1936இல் பிரிட்டனோடு உடன்படிக்கை ஏற்பட்டு எகிப்து ஓரளவு விடுதலை பெற்றதும், அவ்விடுதலையை எவ்வாறு காப்பது என்னும் கேள்வி எழுந்தது. 1938இல் வெளியான எகிப்துப் பண்பாட்டின் எதிர்காலம் என்னும் நூலில் அவர் விரிவாக விடை பகர்ந்தார். நாட்டின் பாதுகாப்புக்குச் செலவிடுவது எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது கல்விச் செலவு என்பது அவர் கருத்து. தேர்வையே குறியாகக் கொண்ட படிப்பையும், குறைந்த ஊதியத்தில் மதிப்பிழந்து நிற்கும் ஆசிரியர் நிலையையும் அந்நூலில் கண்டித்தார். ஆக, கூட்டம் சேர்ப்பதே கல்வி வளர்ச்சி என்று அவர் எண்ணியவர் அல்லர்.

எண்ணியதைச் செய்யும் வாய்ப்பும் அவருக்கு வாய்த்தது. 1942இல் தோன்றிய அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் அவரே. 1950 சனவரியில் நஹ்ஹாஸ் பாஷாவின் வஃப்து அரசில் கல்வி அமைச்சரானார். தண்ணீரையும் காற்றையும் போலக் கல்வியும் எல்லார்க்கும் கிட்ட வேண்டும் என்பது அவரது முழக்கமாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் கட்டணம் நீக்கப்பட்டது. பின்னர் ஐன் ஷம்ஸ் என்று பெயர் பெற்ற பல்கலைக்கழகமும் அவ்வாண்டே கெய்ரோவில் எழுந்தது. 1952 சனவரியில் கெய்ரோ தீக்கிரையான மறுநாள் அரசு நீக்கப்பட்டது. அவரது அமைச்சுப் பணி இரண்டே ஆண்டுகளில் முடிந்தது.

அவரை எதிர்த்தவர்களுள் தலையாயவர் இஸ்மாயீல் அல்-கப்பானி என்னும் கல்வியறிஞர். அவர் ஏழைகளின் பகைவர் அல்லர். பின்னாளில் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதிய கட்டடமும் இல்லாமல் மாணவரைக் குவித்தால் பள்ளி பெயரளவில் மட்டுமே பள்ளியாயிருக்கும் என்பது அவரது வாதம். எண்ணிக்கையா, தரமா என்று எகிப்தியர் நெடுநாள் விவாதித்தனர். குறையுள்ள பள்ளியும் பள்ளி இன்மையினும் மேல் என்பதும், குறையைக் கண்டு நிரப்பலாமேயன்றி அதற்காகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பலாகாது என்பதும் தாஹா ஹுசைன் தரப்பின் விடை.

பின்வந்த வரலாறு யாருக்குச் சான்று பகர்ந்தது? 1962இல் பல்கலைக்கழகக் கட்டணமும் நீக்கப்பட்டது. 1964இல் பட்டதாரிகளுக்கு அரசு வேலை உறுதியளிக்கப்பட்டது. உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியாளராகவும் உயர்ந்தனர். அதே வேளையில் விரிவுரைக் கூடங்கள் நிரம்பி வழிந்தன. வேலைக்குக் காத்திருக்கும் வரிசை நீண்டது. தனிப்பயிற்சிக்குப் பணங்கொடுக்க வேண்டிய நிலை வந்து, நீக்கிய கட்டணம் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. கப்பானியின் எச்சரிக்கை பொய்யாகவில்லை. ஆயினும் அவ்வெச்சரிக்கை கதவை மூடுவதற்குரிய காரணமன்று. கதவைத் திறந்தவர் அடுத்துச் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல். அப்பணிகளைச் செய்யாது விட்டது பின்வந்த அரசுகளின் குறை.

ஆதலின் மாணவர் சேர்க்கையைப் பற்றி யார் எவ்வாதத்தை எடுத்துரைப்பினும் சில கேள்விகளை நாம் கேட்டல் நன்று. தரம் தாழ்கிறது என்பவர், ஆசிரியரை நியமிக்கச் சொல்கிறாரா, இடங்களைக் குறைக்கச் சொல்கிறாரா? வேலை இல்லை என்பவர், தம் பிள்ளையையும் படிக்க வேண்டாம் என்று நிறுத்துவாரா? இடங்களைப் பெருக்குவோம் என்பவர், நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்? முன்னிரு கேள்விகளுக்கு விடை சொல்லாதவரின் வாதம் கப்பானியினுடையதன்று, குரோமருடையது. மூன்றாவதற்கு விடை சொல்லாதவரும் தாஹா ஹுசைனின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவரே.

1973 அக்டோபர் 28இல் அவர் காலமானார். மனித உரிமைப் பணிக்கென ஐக்கிய நாடுகள் அவை வழங்கும் விருது அவ்வாண்டே அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

எம் துறை வகுப்புகளில் ஆண்டுதோறும் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவர் சிலரேனும் இருக்கின்றனர். முதற்பருவத்தில் வாய் திறவாது கடைசி வரிசையில் அமர்பவர்கள் அவர்களே. மலிந்துவிட்ட பட்டதாரிகள் என்னும் சொல் ஏடுகளில் வரும்போது, அது தம்மைக் குறிப்பதாக அவர்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். அன்பு மாணவர்களே, நீங்கள் வந்ததால் இக்கூடத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. பார்வையற்ற ஒரு சிற்றூர்ச் சிறுவனுக்கு அஸ்ஹரின் பாயில் ஓரிடம் கிடைத்ததால்தான் அரபுலகம் ஒரு பேராசிரியரைப் பெற்றது. கிடைத்த இடத்தை உழைப்பால் உமதாக்கிக் கொள்ளுங்கள். உமக்குப் பின்னால் வருபவருக்கும் இடம் விடுங்கள்.